எக்கோ நார்மல்தான்... படியேறினால் ஏன் மூச்சு வாங்குகிறது?

சர்க்கரை நோயாளிகளின் இதயம், நடைத்திறன், உடற்பயிற்சி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் மருத்துவக் குழுவின் பதில்களும்.

காரைக்குடி வாசகி: எனக்கு வயது 54. பதினோரு வருடமாகச் சர்க்கரை. மாரடைப்பு எதுவும் வந்ததில்லை. எக்கோ ரிப்போர்ட்டில் ‘இ.எஃப். 62%, கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்று இருக்கிறது. ‘பம்பிங் நல்லா இருக்கு, இந்த வயசுக்கு இது சகஜம்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வெறுங்கையோடு இரண்டாவது மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மூன்று வருடத்துக்கு முன் இப்படி இல்லை. எது உண்மை?

இரண்டும் உண்மை. இ.எஃப். என்பது இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்ற கணக்கு. நிரம்பியதே குறைவாக இருந்தால், அந்தக் குறைவில் 62% போனாலும் எண் அழகாகத்தான் தெரியும். சர்க்கரை நோயில் இதயத்துக்கு முதலில் சிரமமாவது பெரும்பாலும் சுருங்கும் வேலை அல்ல, தளர்ந்து விரியும் வேலை. கஞ்சி போட்டுக் காய்ந்த துணிப்பை மாதிரி அறையின் சுவர் விறைத்துக்கொள்கிறது. அதைத்தான் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்கிறார்கள்.

விறைப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. ரத்தத்தில் வருடக்கணக்காகக் கூடுதலாக நிற்கும் சர்க்கரை, இதயத் தசைகளுக்கு நடுவே இருக்கும் கொலாஜன் இழைகளில் ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் இதயத் தசை குளுக்கோஸைக் குறைத்துக்கொண்டு கொழுப்பு அமிலங்களையே அதிகம் எரிக்கிறது. அதே அளவு வேலைக்கு அதிக ஆக்சிஜன் செலவாகிறது. ஆஞ்சியோவில் கண்ணுக்கே தெரியாத நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. கூடவே ரத்த அழுத்தமும் உடல் பருமனும் இருந்தால் சுவர் தடித்து, விறைப்பு இன்னும் ஏறும்.

ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு இல்லாமலேயே இதயம் செயலிழந்த நான்கு சர்க்கரை நோயாளிகளின் பிரேதப் பரிசோதனை முடிவுகளை 1972-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, அமெரிக்காவில் ஓர் ஊர் மக்களின் இதயநலத்தை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: சர்க்கரை இருந்தால் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு ஆண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு. பெண்களின் மூச்சிரைப்பை ‘வயசாயிடுச்சு, வெயிட் போட்டுடுச்சு’ என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, படியேறும்போது மட்டும் ஏன்? நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 70 என்றால் ஒரு துடிப்புக்கு 0.86 விநாடி கிடைக்கிறது. படியேறும்போது அது 140 ஆனால் 0.43 விநாடிதான். இதில் சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும். வெட்டு விழுவது பெரும்பாலும் நிரம்பும் நேரத்தில். மிருதுவான இதயம் அந்தக் குறுகிய நேரத்துக்குள்ளும் சட்டென்று விரிந்து நிரம்பிக்கொள்ளும். விறைத்த இதயத்தால் முடியாது. நிரம்ப முடியாத ரத்தம் பின்னால் நுரையீரல் பக்கம் அழுத்தம் கொடுக்கிறது. அந்த அழுத்தம்தான் மூச்சிரைப்பு. படுக்க வைத்து எடுக்கும் எக்கோவில் இது தெரியாமல் போவதில் ஆச்சரியமில்லை.

உங்கள் டாக்டர் சொன்னதும் தவறில்லை. கிரேடு 1 மட்டும் இருப்பது ஐம்பதைத் தாண்டிய பலரிடம் காணப்படுவதுதான். அந்த ரிப்போர்ட்டிலேயே இன்னும் மூன்று எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஈ பை ஈ பிரைம்’ (E/e', இடது கீழறை நிரம்பும் அழுத்தத்தைக் காட்டும் எண்) 14-க்கு மேல், இடது மேலறைக் கொள்ளளவு சதுர மீட்டருக்கு 34 மில்லிக்கு மேல், டி.ஆர். வேகம் (வலது பக்க வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசியும் வேகம்) விநாடிக்கு 2.8 மீட்டருக்கு மேல். இவை கூடியிருந்தால் ‘வயசு’ என்று விட முடியாது. எல்லாம் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால், உடற்பயிற்சி செய்ய வைத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ அடுத்த படி.

ரத்தத்தில் என்.டி. புரோ பி.என்.பி. பாருங்கள். இதயச் சுவர் அழுத்தத்தில் இழுபடும்போது ரத்தத்தில் கூடும் பொருள் இது. 2022-லேயே அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு, சர்க்கரை நோயாளிகளுக்கு வருடம் ஒருமுறை இந்த மாதிரிச் சோதனை வேண்டும் என்று சொல்லிவிட்டது. 125-ஐத் தாண்டினால் எக்கோவோடு சேர்த்து மேலே ஆராய வேண்டும். ஒரு எச்சரிக்கை: உடல் எடை கூடியவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதே ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, கிரியேட்டினின், பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். இதயத்தைத் தேடிப் போய் ரத்தசோகை கிடைத்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ரத்தக் குழாய் அடைப்பு நெஞ்சுவலியாக வராமல் மூச்சிரைப்பாகவே வரலாம். சில வாரங்களுக்குள் வேகமாகக் கூடுகிறது, தாடை, கை, மேல்வயிறு அழுத்துகிறது, குளிர்ந்து வியர்க்கிறது என்றால் எக்கோ தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

சிவகாசி வாசகி: என் கணவருக்கு 49 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, மெட்டோபிரோலால் சாப்பிடுகிறார். டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்க வைத்து ஈ.சி.ஜி. எடுக்கும் சோதனை) பார்த்ததில் 6 நிமிடத்தில் ‘களைப்பு’ என்று இறங்கிவிட்டார். அதிகபட்ச நாடித் துடிப்பு 128. ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று எழுதியிருக்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

கடைசி வரியை மட்டும் படித்தால் நிம்மதி. மற்ற வரிகளையும் படியுங்கள்.

நம் ஊரில் டி.எம்.டி. பெரும்பாலும் புரூஸ் முறையில்தான். முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10% ஏற்றம். அடுத்த 3 நிமிடம் 4 கி.மீ., 12% ஏற்றம். மூன்றாவது கட்டம் 5.5 கி.மீ., 14%. ஆறு நிமிடத்தில் இறங்கினால் சுமார் 7 மெட்ஸ், ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தால் சுமார் 10. ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் எடுக்கும் ஆக்சிஜன். கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி. 49 வயது ஆணுக்கு 9-ஐ ஒட்டி எதிர்பார்ப்போம். அவர் அதற்குக் கீழே இருக்கிறார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தால் உண்மையான அளவு இன்னும் குறைவு. இயந்திரம் கைப்பிடியைக் கணக்கில் எடுக்காது.

அடுத்து நாடித் துடிப்பு. 220-லிருந்து வயதைக் கழித்தால் 171. அதில் 85% என்றால் 145. அவர் 128-ல் நின்றுவிட்டார். இதயத்தைப் போதிய அளவு வேலை வாங்காமலே சோதனை முடிந்துவிட்டது. இதை ‘நெகட்டிவ்’ என்பதைவிட ‘முடிவு சொல்ல முடியவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் துடிப்பை ஏறவிடாது. சோதனைக்கு முன் அதை நிறுத்தச் சொன்னார்களா என்று கேளுங்கள். அடைப்பைக் கண்டுபிடிக்கும் நோக்கத்தில் செய்வதாக இருந்தால் ஓரிரு நாள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. ஆனால் டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென்று விட்டால் பிரஷரும் துடிப்பும் எகிறும்.

மாத்திரை இல்லாமலும் துடிப்பு ஏறவில்லை என்றால் அது வேறு கதை. இதயத்துக்குப் போகும் தானியங்கி நரம்புகளைச் சர்க்கரை பாதித்திருக்கலாம். அதே ரிப்போர்ட்டில் ‘ரெகவரி 1 நிமிடம்’ என்ற வரியைத் தேடுங்கள். ஓட்டம் நின்ற முதல் நிமிடத்தில் துடிப்பு 12-க்கு மேல் இறங்க வேண்டும். 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கினால் நல்ல அறிகுறி அல்ல.

மெட்ஸ் எண்ணை நாங்கள் இவ்வளவு பெரிதுபடுத்தக் காரணம் உண்டு. 6,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு மெட் கூடுதலாக இருந்தவர்களுக்கு உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12% கூடுதலாக இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி-யை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் தங்கள் மெட்ஸ் எவ்வளவு என்று தெரிந்துவைத்திருப்பதில்லை.

ஈரோடு வாசகர்: எச்பிஏ1சி 9.4-லிருந்து 6.8-க்கு வந்துவிட்டது. ஆனால் நடக்க ஆரம்பித்த முதல் சில நிமிடங்கள் கால் கனக்கிறது, மூச்சு முட்டுகிறது. சர்க்கரை குறைந்தால் தெம்பு தானாக வர வேண்டாமா?

வராது. சர்க்கரை எண்ணை மாத்திரையாலும் உணவாலும் இறக்கலாம். தசையின் திறனை வேலை கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். வேறு சிக்கல் எதுவும் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம்கூட, உச்ச ஆக்சிஜன் பயன்பாடு அதே வயது, அதே எடை உள்ள மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்கிறது. பாதிப் பழி இதயத்துக்கு, மீதிப் பாதி கால் தசைக்கு. அங்கே நுண்குழாய்கள் தேவைக்கேற்ப விரிவதில்லை, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் மந்தம்.

நீங்கள் சொல்லும் ‘முதல் சில நிமிடம்’ முக்கியமான குறிப்பு. நடக்கத் தொடங்கியதும் ஆக்சிஜன் எடுப்பு மேலே ஏறி நிலைக்கு வரச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதல் நேரம் ஆகிறது. அதுவரை தசை கடன் வாங்கி ஓடுகிறது, அதனால்தான் கனம். முதல் 5 முதல் 7 நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடந்து பிறகு வேகம் பிடியுங்கள். நடக்க நடக்கச் சரியாகிறதா, மோசமாகிறதா என்றும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் கெண்டைக்கால் இறுகி, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிட்டால், கால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். கணுக்கால்-கை ரத்த அழுத்த ஒப்பீடு பார்க்கச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: சும்மா இருக்கும்போதே நாடித் துடிப்பு 104. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ஸ்மார்ட் வாட்ச் சொல்லும் ‘ஹார்ட் ரேட் ஸோன்’படி நடக்கலாமா?

கூடாது. உங்களுக்கு அந்த ஸோன் பொருந்தாது.

இளைப்பாறும்போதும் 100-க்கு மேல் துடிப்பு, எழுந்தால் தலைசுற்றல் இரண்டும் சேர்ந்தால் இதய நரம்புப் பாதிப்பு இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல், இதயத் துடிப்புக் கோளாறு இவற்றை முதலில் விலக்க வேண்டும். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் இப்படிப் பாருங்கள்: 5 நிமிடம் மல்லாந்து படுத்து ஒரு அளவு. எழுந்து நின்று 1 நிமிடத்தில் ஒரு அளவு, 3 நிமிடத்தில் ஒரு அளவு. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். மருத்துவமனையில் நிமிடத்துக்கு ஆறு முறை ஆழ்ந்து மூச்சு விடச் சொல்லி ஈ.சி.ஜி. எடுப்பார்கள். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் துடிப்பில் 15-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரி. 10-க்குக் கீழே என்றால் நரம்பு பாதித்திருக்கிறது.

இந்தப் பாதிப்பு உள்ளவர்களுக்கு நடக்கும்போது துடிப்பும் பிரஷரும் தேவைக்கேற்ப ஏறாது, வியர்வை ஒழுங்காக வராது, நெஞ்சுவலியும் தெரியாமல் போகலாம். அதனால் பேச்சே உங்கள் அளவுகோல். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தர வேகம். சித்திரை, வைகாசி வெயிலில் காலை 7 மணிக்கு மேல் வெளியே நடக்காதீர்கள். சட்டென்று நிற்காமல் 5 முதல் 10 நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நில்லுங்கள். நடை முடிந்த கையோடு வெந்நீரில் குளிப்பதும் வேண்டாம். மயங்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

வேலூர் வாசகர்: நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரும் என்கிறார்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வருடா வருடம் ஆஞ்சியோ பார்த்துவிடலாமா?

வேண்டாம். அறிகுறி இல்லாத இரண்டாம் வகை நோயாளிகளை ஸ்கேன் செய்து பார்த்த ‘டயாட்’ (DIAD) ஆய்வில் 22% பேருக்கு மறைந்திருந்த ரத்த ஓட்டக் குறை தெரிந்தது. அப்படித் தேடிக் கண்டுபிடித்ததால் மாரடைப்போ மரணமோ குறைந்ததா என்றால், 2009-ல் வந்த இறுதி முடிவில் குறையவில்லை. ஆஞ்சியோவுக்குச் செலவிடுவதைவிட கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை விடாமல் சாப்பிடுவதும், பிரஷரை 130/80-க்குக் கீழே வைப்பதும், புகையை விடுவதும் பலன் தரும். ஆனால் ‘தொந்தரவு இல்லை’ என்பதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். போன வருடம் ஒரே மூச்சில் ஏறிய கோயில் படிகளில் இந்த வருடம் நடுவில் உட்கார வேண்டியிருந்தால் அதுவும் அறிகுறிதான்.

திருநெல்வேலி வாசகி: அப்பாவுக்கு 62 வயது, 14 வருடச் சர்க்கரை. அரசின் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ 8 கி.மீ. நடைபாதையில் நண்பர்களோடு போகப்போகிறேன் என்கிறார். இதுவரை நடந்து பழக்கமே இல்லை. எப்படித் தொடங்குவது?

2023 நவம்பரில் மாவட்டந்தோறும் தொடங்கிய நல்ல திட்டம் அது. ஆனால் 8 கி.மீ. என்பது சேர வேண்டிய இடம். புறப்படும் இடம் அல்ல. நெஞ்சு இறுக்கம், மயக்கம், கால் வீக்கம், கண்ணில் ரத்தக் கசிவு, காலில் புண் இதில் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டர். எதுவும் இல்லை, மெதுநடைதான் என்றால் பெரிய சோதனை இல்லாமலே தொடங்கலாம். வேக நடைக்குப் போகும் முன், 14 வருடச் சர்க்கரை என்பதால், ஒரு ஈ.சி.ஜி.யும் டி.எம்.டி.யும் பார்த்துக்கொள்வது எங்கள் கட்சி.

முதல் இரண்டு வாரம்: மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம், தெருவிலேயே. மொத்தம் 30 நிமிடம் ஆகிவிடும். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையும் தணியும். மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு நடையை மட்டும் வாரத்துக்கு 5 நிமிடம் நீட்டிக்கொண்டே போய் 30 நிமிடமாக்கட்டும். இலக்கு வாரம் 150 நிமிடம். தொடர்ந்து இரண்டு நாள் விட்டுவிடக் கூடாது. நடையால் இன்சுலின் கூர்மையாக வேலை செய்வது ஓரிரு நாள்தான் நீடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 8 கி.மீ. நடந்து வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பதில் பலன் குறைவு, முழங்காலுக்கும் கேடு.

ஆறு வாரம் போனபின் வேகத்தை மாற்றச் சொல்லுங்கள். இதுதான் பலர் விடும் இடம். வருடக்கணக்காக ஒரே வேகத்தில், பேசிக்கொண்டே, ஒரே பூங்காவைச் சுற்றுவார்கள். தாங்குதிறன் நின்ற இடத்திலேயே நிற்கும். டென்மார்க்கில் இரண்டாம் வகை நோயாளிகளை வாரம் 5 நாள், ஒரு மணி நேரம் வீதம் 4 மாதம் நடக்க வைத்தார்கள். ஒரு குழு சீரான நடை. இன்னொரு குழு 3 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெது என்று மாற்றி மாற்றி. இரண்டு குழுவுக்கும் எரிந்த சக்தி ஒன்றே. மாற்றி நடந்தவர்களுக்கு உச்ச ஆக்சிஜன் பயன்பாடு 16% கூடியது. சீராக நடந்தவர்களுக்குக் கூடவில்லை. 2013-ல் வந்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் செய்துபார்க்கச் செலவில்லை. அப்பா முதலில் 1 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெது என்று ஐந்து சுற்றில் தொடங்கட்டும்.

வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது 10 முறை, சுவரில் கைவைத்துத் தள்ளுவது 10 முறை, 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்குவது 10 முறை. இதை இரண்டு சுற்று. பாரம் தூக்கும்போது மூச்சை விட வேண்டும். அடக்கினால் பிரஷர் ஏறும். விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்து லேசரோ ஊசியோ போட்டுக்கொண்டிருப்பவர்கள் பாரமும் தலைகீழ் ஆசனமும் கண் டாக்டர் அனுமதித்த பிறகே.

முன்னேற்றத்தை எடை மெஷினில் தேடாதீர்கள். பள்ளி மைதானத்தில் தூரம் குறித்து, 6 நிமிடத்தில் எவ்வளவு நடக்கிறார் என்று மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். 30 மீட்டருக்கு மேல் கூடினால் உண்மையான முன்னேற்றம். அதே அளவு குறைந்தால் காரணம் தேட வேண்டும்.

நாகர்கோவில் வாசகர்: காலையில் வெறும் வயிற்றில் நடக்கிறேன். காலையும் இரவும் இன்சுலின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ், பீட்டா பிளாக்கர் எல்லாம் உண்டு. ஒருநாள் நடுவில் கைநடுக்கம் வந்து சர்க்கரை மிட்டாய் சாப்பிட்டும் சரியாகவில்லை.

சரியாகாததற்குக் காரணம் வோக்லிபோஸ் என்ற சர்க்கரை மாத்திரை. அது நாம் சாப்பிடும் சாதாரணச் சர்க்கரையைக் குடலில் உடையவிடாது. உங்களுக்குக் குளுக்கோஸ் பவுடர் மட்டுமே உடனே வேலை செய்யும். 15 கிராம், அதாவது 3 டீஸ்பூன், சின்னப் பொட்டலமாகச் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடாதவர்கள் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழேயே நின்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் நடைக்கு முன் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே என்றால் ஒரு சிறிய வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வோக்லிபோஸ் இருப்பதால் உங்களுக்கு அதிலும் குளுக்கோஸே நம்பகமானது. நடைக்கு முன் தொடையில் இன்சுலின் போடாதீர்கள். இயங்கும் தசை அதை வேகமாக இழுத்துக்கொள்ளும். வயிற்றில் போடுங்கள். பீட்டா பிளாக்கர் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும், வியர்வையை அமுக்காது. காரணமில்லாமல் சட்டை நனைந்தால் உடனே பாருங்கள். மாலையில் கடுமையாக உழைத்தால் சர்க்கரை அன்று நள்ளிரவில்கூட இறங்கும். தோட்டம் கொத்திய நாளிலும் அப்படித்தான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயமெல்லாம் அநேகமாக இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 300-க்கு மேல் இருந்து, தாகமும் சோர்வும் இருந்தால் அன்று நடை வேண்டாம். முதல் வகை நோயாளிகளுக்கு 250-ஐத் தாண்டினாலே கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பார்க்க வேண்டும்.

சேலம் வாசகி: மாத்திரை மாற்றியதிலிருந்து மாமியாருக்குக் கால் வீங்குகிறது. சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன், பிரஷருக்கு அம்லோடிபின், இரண்டும் புதிது. இதயத்துக்கு நல்லது என்று எம்பாகிளிஃப்ளோசின் எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறார் டாக்டர்.

இரண்டுமே காலை வீங்க வைக்கும். அம்லோடிபின் வீக்கம் கணுக்காலோடு நிற்கும், எடை அவ்வளவாக ஏறாது. பயோகிளிட்டசோன் உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். இன்சுலினும் சேர்ந்தால் கூடுதலாக. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, தலையணையை உயர்த்தினால்தான் தூங்க முடிகிறது என்றாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பயோகிளிட்டசோன் கூடாது. சாக்சாகிளிப்டின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேருவதை 27% கூட்டியது என்று 2013-ல் தெரிந்தது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் நீரைத் தேக்கும். இதை யாரும் டாக்டரிடம் சொல்வதே இல்லை.

சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை நல்ல யோசனை. 2015-ல் வந்த எம்பா-ரெக் ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் இருந்த சர்க்கரை நோயாளிகள் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேருவது 35% குறைந்தது. இ.எஃப். நன்றாக இருந்தும் இதயம் விறைத்தவர்களுக்கும் பலன் உண்டு என்று 2021-ல் தெரிந்தது. நடைதூரத்தைக் கூட்டுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, அதற்கு நடைதான். 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து பல இந்திய நிறுவனங்கள் தயாரிப்பதால் விலை நன்றாக இறங்கிவிட்டது. சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். சிறுநீர் கழித்தபின் கழுவித் துடைத்து உலர வைக்கச் சொல்லுங்கள். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாட்கள், முழு உபவாசம், எல்லாவற்றிலும் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் 3 நாள் முன்பே. இல்லாவிட்டால் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் விஷமாகிவிடும் ஆபத்து உண்டு.

கும்பகோணம் வாசகர்: மொட்டைமாடியில் கூழாங்கல் பதித்து எட்டு போட்டு வெறுங்காலில் நடக்கிறேன். இதயத்துக்குத் தனிப் பலன் உண்டா?

எட்டு வடிவத்துக்கென்று தனிப் பலன் இல்லை. நடைக்கான பலன் உண்டு. சின்ன எட்டில் அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் பிடிக்க முடியாது, ஆகவே மேலே சொன்ன வேக நடைக்கு அது ஒத்துவராது. வெறுங்கால்தான் எங்களுக்குப் பயம். 10 கிராம் மோனோஃபிலமென்ட் நூலால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் கூழாங்கல்லும் கூடாது, வெயிலேறிய தளமும் கூடாது; கொப்புளம் வந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்போ, முன்பக்கம் அகன்ற ஷூவோ பருத்தி சாக்ஸோடு போடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் பாதம் சற்று உப்பியிருக்கும் மாலையில் போய் அளவு பாருங்கள். நடைக்கு முன் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள், நடந்து வந்ததும் பாதத்தின் அடியில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.